ரைட் என்றால் புறப்படு

1

இந்தக் கதை கலஹா பஸ்ஸின் புட்போர்டில் பிறந்தது. கொண்டக்டர் "ரைட்!" என்றதும் பஸ் பாய்ந்தது, என் செருப்பில் ஒன்று பேராதனையிலேயே தங்கிவிட்டது. இந்த ஒரு சொல்லை நம்பிப் பாய்கிற வாகனம் விமானமாக இருந்தால் என்று அப்போதுதான் தோன்றியது.

கண்டியில் ஓடுபாதை எங்கே என்று கேட்காதீர்கள். பிலிமத்தலாவைக்கு அப்பால் ஒரு புல்வெளியை நானே சமன்படுத்திக்கொண்டேன்.

2

"நீலவானில் வெள்ளிப் பறவையாக அந்த..." (வேண்டாம். லோரன்ஸ் இப்படி யோசிக்கிற ஆளில்லை.)

லோரன்ஸ் கலஹா வழியில் பஸ் ஓட்டுகிறவன். சேர்ச் சீட்டிழுப்பில் அவனுக்கு இரண்டாம் பரிசு விழுந்தது: சிறிய விமானம் ஓட்டப் பயிற்சி. முதல் பரிசு ஃபிரிட்ஜ். அந்த வருத்தம் அவன் மனைவி டொரதிக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இன்று அவனே தரையிறக்கப் போகிறான் என்றதும், சோற்றுப் பார்சலோடு வந்து புல்வெளியின் கோடியில் நின்றாள்.

3

சக்கரம் புல்லைத் தொட்டது. உடனே விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. லோரன்ஸ் பஸ்ஸைத் திருப்புவதுபோல் கைப்பிடியைச் சுற்றினான். தரையில் விமானம் கைக்குத் திரும்பாது, காலுக்குத்தான் திரும்பும். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் சுபாஜினி யாழ்ப்பாணத்துப் பெண். வலது மிதியை அழுத்தச் சொல்ல நினைத்தவள், பதற்றத்தில் ஆங்கிலத்தில் கத்தினாள்.

"ரைட்! ரைட்!"

லோரன்ஸின் காதுக்கு அந்தச் சொல்லில் ஒரே பொருள்தான்: ஆட்கள் ஏறியாச்சு, எடு. அவன் வேகத்தைக் கூட்டினான்.

"ஐயோ அண்ணை, என்ன செய்யிறியள்? ரைட்!"

"அதான் போறேன்ல மிஸ், ஏன் கத்துறீங்க?"

(அடிக்குறிப்பு: சுபாஜினியிடமும் மிதி இருந்ததே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருந்தது. ஆனால் லோரன்ஸின் இடக்கால், கிளச் என்று நினைத்து இடது மிதியில் ஊன்றியிருந்தது. மலைப்பாதையில் உரமேறிய அந்தக் காலோடு அவளால் மல்லுக்கு நிற்க முடியவில்லை.)

விமானம் இன்னும் இடப்பக்கம் திரும்பி, நேராக டொரதியை நோக்கி ஓடியது. லோரன்ஸ் அவளைக் கண்டான்.

4

முதல் முடிவு: டொரதி ஒரே பாய்ச்சலில்... (அவளுக்கு முழங்கால் வலி. பாய மாட்டாள்.)

இரண்டாம் முடிவு: எழுதினேன், அழித்தேன். அவளைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதை டொரதியே செய்தாள். லோரன்ஸ் ஓட்டிவருவது எதுவானாலும் அவளுக்கு அது பஸ்தான். பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

வீதியோரம் கை நீட்டிய ஒருவரையும் லோரன்ஸ் விட்டுப் போனதில்லை. அவனுடைய இரண்டு கால்களும் தாமாகவே எழும்பி, மிதிகளின் மேல்முனையில், பிரேக் இருக்கும் இடத்தில், ஒன்றாக இறங்கின.

புல் ஈரம். [கண்டி மழைக்கு நான் பொறுப்பில்லை.] விமானம் வழுக்கிக்கொண்டே வருகிறது. நிற்குமா என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பேனாவை நீங்கள் பிடியுங்கள். எழுதுமுன் ஒன்றைக் கவனியுங்கள்: டொரதி இன்னும் கையை இறக்கவில்லை. அவன் நிறுத்துவான் என்று அவள் நம்புகிறாள்.