முகம் செதுக்காத படம்

கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெரிய படத்தின் முன்னால்தான் நின்றார்கள். ஒரு மனிதன் நாற்பது மாடிக் கட்டடத்தை முதுகில் சுமக்கிறான். தலை இருக்கவேண்டிய இடத்தில் காலித் தலைக்கவசம். அச்சுக்காரி மூன்று மாதம் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி எடுத்தது. பிழைக்க வந்தவனின் முதுகு போதும், முகம் இந்த நகரத்துக்கு வேண்டாம் என்று அவள் சொல்ல வந்ததைப் பத்திரிகைகள் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டன. அவளும் கடல் கடந்து பிழைக்க வந்தவள்தான். மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கவசத்தின் கறுப்புக் குழிக்கு நேராக நிற்க அவளால் முடியவில்லை. ஓரமாகவே ஒதுங்கி நடந்தாள்.

பல மாதம் முன்பு, கட்டடச் சாரத்தில் நின்ற தொழிலாளி ஒருவனை கேமராவில் படமெடுத்த மதியம், அவள் தன்னையறியாமல் தமிழில் "அசையாதீங்க" என்றதும் அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"நம்ம ஆளாக்கா? கொஞ்சம் சதை போட்ட மாதிரி எடுங்க. இளைச்சிருக்கேன்னா வீட்ல அவளுக்குச் சோறு எறங்காது."

விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். நாளைக்கே பிலிமைக் கழுவிப் படத்தை அனுப்புகிறேன் என்றாள். மறுநாள் அவன் விழுந்து செத்தான். அப்படி ஒருத்தன் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கையை விரித்துவிட்டது கட்டட நிறுவனம். ஆத்திரத்தில் அவள் உளியை எடுத்தாள். சீட்டை மட்டும் எடுக்கவில்லை.

கண்காட்சியின் மூன்றாம் நாள், நஷ்டஈட்டு வழக்குக்காக ஊரிலிருந்து வந்திருந்த அவன் மனைவியை வக்கீல் அழைத்து வந்தார். அவள் வெகுநேரம் படத்தையே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"போட்டோ புடிச்சது நீங்கதானே? அன்னிக்கு போன்ல சொன்னாரு, ஒரு அக்கா எடுத்தாங்க, தபால்ல வரும்னு. தெனம் வாசலப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அச்சுக்காரி ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஏழு வருசமா வெறும் கொரல்தான். அவரு பொணம் வந்த பெட்டியத் தொறக்காதீங்கன்னுட்டாங்க. இங்க வந்தா, அப்படி ஆளே இல்லைங்கிறாங்க." படத்தைக் காட்டினாள். "நீங்களும் மொகத்த எடுத்துட்டீங்களேக்கா."

அது குறியீடு என்று சொல்ல வாயெடுத்தாள் அச்சுக்காரி. "பிலிம் இன்னும் எங்கிட்ட இருக்கும்மா" என்றுதான் வந்தது.

அன்று மாலையே அந்த மனைவியைப் போட்டோ கழுவும் தன் இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். சிவப்பு விளக்கின் கீழ், பிலிமிலிருந்து ஒளி வாங்கிய தாளை மருந்துத் தட்டில் அமிழ்த்தினாள். முதலில் கண்கள் வந்தன. பிறகு ஒட்டிய கன்னம், சிரிப்பு, நரைத்த மீசை.

"இவ்ளோ நரைச்சிட்டாரா? சொல்லவேயில்லயே."

மனைவி இரண்டு கைகளையும் மருந்துக்குள் விட்டுத் தாளின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. அடுத்த தட்டுக்கு மாத்தணும். இல்லன்னா மொத்தமும் கறுத்துடும்."

"ஒரு நிமிசம்க்கா."

அச்சுக்காரி இடுக்கியை நீட்டியபடியே நின்றாள். தாளுக்குள் அவன் மீசை மெல்லக் கறுத்து, ஏழு வருடம் இளையவனாகிக்கொண்டிருந்தான்.