மாப்பிள்ளைக்கு அரிசிச் சோறு

பெண் பார்க்கப் போன இடத்தில் தாய்மாமன் பெரியண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "பையன் தருமபுரி டவுன்ல ஜவுளிக் கடையில இருக்கறவன். களியெல்லாம் தொண்டையில எறங்காதுங்க" என்று ஒரு போடு போட்டார். அன்று காலைதான் இண்டூரில் தன் வீட்டில் இரண்டு உருண்டை ராகிக் களியை இறக்கிவிட்டு வந்திருந்த அர்ச்சுனன், ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். கல்யாணம் முடிந்து ஆடிக்கு அழைப்பு வந்தது. ஏரியூர் மாமனார் வீட்டில் அவன் இலையில் வெள்ளை வெளேரென்று அரிசிச் சோறு விழுந்தது. அரிசிக்காக ஜனங்கள் ரேஷன் கடையில் காத்துக் கிடந்த அறுபத்தாறாம் வருஷம் அது.

மாப்பிள்ளை என்றால் முறுக்கு வேண்டாமா? மறுசோறு வந்தால் இலையைக் கையால் மறைத்து, "போதுங்க அத்தை" என்பான். இன்னும் இரண்டு தரம் கெஞ்சுவார்கள், பிறகு இறங்கிவரலாம் என்பது அவன் கணக்கு. மாமியார் ஜானகியம்மாளோ மாப்பிள்ளை சொல்லைத் தட்டாதவள். போதும் என்றதும் சட்டியோடு உள்ளே போய்விடுவாள். களியில் வளர்ந்த வயிறு அந்தச் சோற்றை ஒரு நாழிகையில் கரைத்துவிட்டு அவனைப் பார்க்கும். எதிரே மாமனார் மாதப்பனும் பேருக்கு இரண்டு கை அள்ளிவிட்டு எழுந்துவிடுவார். பெரிய இடத்தில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று அர்ச்சுனன் மலைத்துப் போனான்.

மூன்றாம் நாள் பசி தாங்கவில்லை. ஒரு கொய்யாக் காயாவது அகப்படுமா என்று கொல்லைப்பக்கம் போனான். மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது. கூடவே அவன் மனைவி ராஜாமணியின் குரல்.

"வெத நெல்லையாம்மா குத்தற? நாத்து வுட என்ன பண்ணுவ?"

"மெதுவா பேசுடி. வூட்டுல அரிசி தீந்துபோச்சு. அவரு களி தின்னு பழகாதவரு, நாளைக்கி சம்பந்தி வூட்டுல ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

அர்ச்சுனனுக்குக் காதெல்லாம் சுட்டது. தன் ஒரு தலையாட்டலுக்காக ஒரு குடும்பத்தின் அடுத்த வெள்ளாமை உரலில் விழுகிறதே என்று உண்மையாகவே வெட்கப்பட்டான். ஆனால் உண்மையைச் சொன்னால் மானம் போகும். அதனால் பொய்யை இன்னொரு பொய்யால் முட்டுக் கொடுக்கத் துணிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உரல் பக்கம் போனான்.

"அத்தை, உலக்கைய வெச்சுடுங்க. எனக்கு வவுறு சரியில்லை. டவுன் டாக்டரு ராகி திங்கச் சொல்லியிருக்காரு. கஷ்டந்தான், மருந்துன்னு முழுங்கிக்கறேன்."

ஜானகியம்மாள் பதறிப்போய்க் களி கிண்டினாள். கீரைக் கடைசலோடு ஆவி பறக்க ஓர் உருண்டை அவன் முன்னால் வந்தது. வீடே சுற்றி நின்று பார்த்தது. அர்ச்சுனன் முகத்தைச் சுளித்தான், பெருமூச்சும் விட்டான். நடிப்பெல்லாம் முகத்தோடு சரி. கை அது பாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டது, களியைக் கிள்ளியது, குழித்துக் கடைசலை வாரியது. பல்லில் படாமல் ஒவ்வொரு கவளமும் வழுக்கி இறங்கியது. அவன் நிமிர்ந்தபோது தட்டு காலி. விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.



"இது பழகின கையாச்சே" என்றாள் ஜானகியம்மாள்.

"எங்க வூட்டுல தெனமும் களிதாங்க அத்தை" என்றான் அர்ச்சுனன், தலையைக் குனிந்துகொண்டு.

ஜானகியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, ஒனக்குத் தெரியாதா?"

"அரிசிச் சோறு திங்கற வூட்டுக்குப் பொண்ணு குடுத்திருக்கேன்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்த. நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

 மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு உருண்டை போடு. மூணு நாளா இவருக்கு எதிர்ல கொறிச்சுட்டு, மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சு களி தின்னுக்கிட்டு இருக்கேன்" என்றார். ராஜாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அர்ச்சுனனும் சிரித்துவிட்டான். மூன்று நாளில் அந்த வீட்டில் அவனுக்கு மூச்சு சரியாக வந்தது அப்போதுதான்.

ஜானகியம்மாள் கேளாமலே இரண்டாவது உருண்டையை அவன் தட்டில் வைத்தாள். அவன் கையை நீட்டி மறைக்கவில்லை. கடைசலை ஊற்றிக்கொண்டே அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"நாத்தங்காலு ஓட்டோணும், ஆளு கெடைக்கல. மாப்ளே, ஏரு புடிப்பீங்களா?"