பச்சை நூடுல்ஸுக்கு ஒரு மூடி

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு மிக்ஸி. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வரவில்லை.

இருவரும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்து வாங்கிய மிக்ஸி அது. பிறகு பெரியவள் தெருமுனையில் சொந்தமாக ஒரு சலவைக் கடை போட்டாள். சின்னவள் மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே கட்டடத்தில் அக்கா வீட்டுக்கு நேர் மேல் வீட்டுக்குக் குடிபோனாள். சாமான் பிரிக்கும்போதுதான் வந்தது வினை. மிக்ஸி எனக்கு என்றாள் சின்னவள். "உனக்கு எதுக்குடி? நீ வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்கும்" என்றாள் பெரியவள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் புது மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஜாரை வெடுக்கென்று உருவினாள். "மோட்டார நீயே வச்சுக்கிட்டுக் காத்து வாங்கு" என்று படியேறியவள், அதற்குப் பிறகு படியில் அக்காவைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆக, கீழே ஜார் இல்லாத மோட்டார், மேலே மோட்டார் இல்லாத ஜார். புதிதாக ஒன்று வாங்க இருவருக்கும் முடியாமல் இல்லை. ஆனால் வாங்கிவிட்டால் சண்டையோடு உறவும் முடிந்துபோனதாக ஆகிவிடுமோ என்று பெரியவளுக்குப் பயம். மேலே இருந்தவளும் வாங்கவில்லை. அதைக் கவனித்து வைத்திருந்தாள் பெரியவள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் சட்னி இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை உண்டாகியிருக்கும் சேதியை அக்காவுக்குத் தங்கை சொல்லவில்லை, குளியலறைக் குழாய் சொன்னது. காலையில் மேலே வாந்தி எடுக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், மறுபடி வாந்தி. முதல் நாள் கெட்டுப்போன எதையோ தின்றிருப்பாள் என்று நினைத்தாள். அது தினசரி வழக்கமானதும் விஷயம் புரிந்துவிட்டது. குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று அழுதாள். சந்தோஷம் பாதி. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லையே என்கிற ஆத்திரம் மீதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு மெல்லத் தட்டப்பட்டது. மாப்பிள்ளை நின்றிருந்தார். கடைக்குப் போகும் வெள்ளைக் கோட்டு, திருட்டு முழி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த அழுக்குத்துணிப் பை.

"வாங்க மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை சலவைக் கடை கிடையாதே?" என்றாள் பெரியவள்.

"துணி இல்ல அண்ணி" என்று உள்ளே நழுவிக் கதவைச் சாத்தினார். பைக்குள் கைவிட்டு, ஒரு பனியனில் சுற்றியிருந்த மிக்ஸி ஜாரை வெளியே எடுத்தார். "அவ எதுவும் சாப்பிட மாட்டேங்கறா. தண்ணி குடிச்சாக்கூட நிக்கல. நேத்து பச்சை நூடுல்ஸ் வேணும்னா. நான் பாக்கெட் நூடுல்ஸ் வாங்கி, புதினா தூவிக் குடுத்தேன்."

"ஐயோ!"

"தட்டு பறந்துச்சு. அதில்லையாம். நீங்க ரெண்டு பேரும் ஹோட்டல்ல சாப்பிட்டதாம். அக்காவுக்குத்தான் பண்ணத் தெரியும்னு சொன்னா."

பெரியவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அக்கான்னா சொன்னா? என்னையா?"

"ஆமா. சொல்லிட்டு, நான் சொன்னேன்னு கீழ போய்ச் சொன்னீங்கன்னா அவ்வளவுதான்னா. இப்ப தூங்கறா. எழுந்திரிக்கறதுக்குள்ள செஞ்சு குடுங்க அண்ணி. நானே சமைச்சதாச் சொல்லிக்கறேன்."

"அத அவ நம்புவா!" என்று பெரியவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தப் பச்சை நூடுல்ஸ் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பண்டம். ஹோட்டல் தொழிலாளர் உணவகத்தில் அந்த ஊர்க்காரி ஒருத்தி சமையல் செய்தாள். அவள் அதைச் செய்யும் நாளில் சலவை அறையில் ஒருத்திகூட லீவு எடுக்க மாட்டாள். கிண்ணத்தோடு முன்வரிசையில் நின்ற இரண்டு பேர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளையைச் சந்தைக்கு விரட்டினாள். பசலைக்கீரை, பேசில் இலை, உப்பு போட்ட வெள்ளைச் சீஸ், சர்க்கரை சேர்க்காத டின் பால், கொஞ்சம் வால்நட், நூடுல்ஸுக்கு ஸ்பகெட்டி. பேசில் கிடைக்குமா என்று அவர் இழுத்தார். துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி மணக்கும், மோந்து பார்த்து வாங்குங்கள் என்று படிவரை வந்து சொல்லி அனுப்பினாள். மனிதர் ஓட்டமும் நடையுமாகப் போய், ஒன்றுவிடாமல் வாங்கி வந்துவிட்டார். அக்கா தங்கை இருவருக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டவருக்கு ஒரு சந்தை என்ன பெரிய விஷயம்!

வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கினாள். அவசரப்படக் கூடாது, பச்சை வாடை போய் இனிப்பு வாசனை வர வேண்டும். கீரையையும் பேசிலையும் குவியலாகப் போட்டாள். பாத்திரம் நிறைய இருந்தது கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பிடியாகச் சுருங்கியது. ஆவியில் அந்த வாசனை எழுந்ததும் பெரியவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சலவை அறையின் சூடும், ஈர விரிப்பின் இரு முனைகளை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொண்டு எதிரே சிரித்த தங்கையின் முகமும் ஞாபகம் வந்துவிட்டன. பக்கத்து அடுப்பில் ஸ்பகெட்டி கொதித்தது. இன்னொன்றில் உருளைக்கிழங்கு வெந்தது.

வதங்கிய கீரையை ஜாரில் கொட்டி மோட்டாரில் பொருத்தினாள். "மூடி எங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை பையைத் தலைகீழாக உதறினார். பனியன் விழுந்தது, ஒரு காலுறை விழுந்தது. மூடி விழவில்லை.

"அலமாரி மேல் தட்டுல இருக்குன்னு நினைக்கறேன். போய் எடுத்துட்டு..."

"போனா எழுந்துப்பா. ஜாரைத் திருடுனவருக்கு மூடியைத் திருடத் தோணலையா? ஒரு தட்டை வச்சு அமுக்கிப் பிடிங்க."

அந்த மோட்டார் சாதாரணமாக ஓடாது. முதலில் கனைக்கும், பிறகு ஊரைக் கூட்டும். சலவைக்காரிக்குத் துண்டுக்கா பஞ்சம்? தடிமனான குளியல் துண்டுகளால் அதைக் காது மூக்கெல்லாம் சுற்றிப் போர்த்தினாள். மாப்பிள்ளை ஜாரின் மேல் தட்டை வைத்து, இரண்டு கைகளாலும் அமுக்கி, கண்களை இறுக மூடிக்கொண்டார். பெரியவள் சுவிட்சைப் போட்டாள்.

சூடான கீரை எகிறியது. தட்டு ஒரு பக்கம் பறந்தது, மாப்பிள்ளை ஒரு பக்கம் பறந்தார். கூரையில் பச்சை, சுவரில் பச்சை, வெள்ளைக் கோட்டில் கழுத்திலிருந்து பொத்தான்வரை பச்சை. அவர் மூக்கு நுனியில் ஒரு பச்சைச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. போர்த்திய துண்டுகளை லட்சியமே செய்யாமல் மோட்டார் கத்தித் தீர்த்த பிறகுதான் பெரியவளுக்குச் சுவிட்சை அணைக்கத் தோன்றியது.

மேலே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு காலடி. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

"அண்ணி, நான் வேணா கட்டிலுக்கு அடியில..."

"கோட்டைப் பார்த்தா கட்டிலுக்கே பயம் வந்துடும். பேசாம நில்லுங்க."

கதவு திறந்தது. சின்னவள் நின்றிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, தலை கலைந்திருந்தது, வயிறு லேசாக மேடிட்டிருந்தது. கையில் மிக்ஸி மூடி.

"மூடி இல்லாம ஜாரைத் திருடறவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள், புருஷனைப் பார்த்து. பிறகு கூரையைப் பார்த்தாள். கடைசியாக அக்காவைப் பார்த்தாள்.

தங்கை எதிரில் வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பெரியவள் துணி தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் வாய்க்கு வரவில்லை. "நிக்காதடி, பச்சை ஆறுது. மூடியைக் குடு" என்றாள்.

சின்னவள் கொடுக்கவில்லை. தானே வந்து பொருத்தினாள். "சூடா அரைக்கும்போது நடுவுல இருக்கற குட்டி மூடியை எடுத்துட்டுத் துணியால மூடணும். ஆவி போகணுமில்ல? அந்தச் சமையல்காரம்மா எத்தனை தடவை சொன்னாங்க!"

"வெந்நீர் வைக்கத் தெரியாதவ எனக்குச் சொல்லித்தர வந்துட்டா" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். சின்னவளுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சுவிட்சைப் போட, தங்கை மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மோட்டார் இந்த முறை எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளட்டும் என்று விட்டார்கள்.

ஜாரில் மிஞ்சியிருந்ததோடு சீஸும் பாலும் வால்நட்டும் சேர்ந்து வழுவழுவென்று ஆனது. பெரியவள் அதை ஸ்பகெட்டியில் கொட்டி, ஸ்பகெட்டி வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டினாள். பக்கத்தில் உருளைக்கிழங்கு, மேலே பொரித்த முட்டை. சின்னவள் நின்றுகொண்டே ஒரு வாய் எடுத்தாள். மற்ற இருவரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது.

"என்ன ரெண்டு பேரும் வேடிக்கை பார்க்கறீங்க? இன்னொரு முட்டை போடு" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் சின்னவள்.

தட்டு வழித்துத் துடைத்த பிறகு பெரியவள் மெதுவாகக் கேட்டாள். "ஏண்டி, எனக்கு நீ சொல்லவே இல்ல?"

"சொல்லத்தான் வந்தேன். ஜாரையும் கையில எடுத்துக்கிட்டு வாசல்வரைக்கும் வந்தேன். உள்ள நீ கத்திக்கிட்டிருந்தே. என் மூஞ்சியிலேயே முழிக்காத, உன்னைத் தூக்கிக் குப்பையில போடறேன்னு. என்னைத்தான் திட்டறேன்னு திரும்பிட்டேன்."

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது இஸ்திரிப் பெட்டியைடி! பட்டுப் புடவையைச் சுட்டுடுச்சு!"

மாப்பிள்ளை சிரித்ததில் அவர் மூக்கிலிருந்த சொட்டு கடைசியில் கீழே விழுந்தது. பெரியவள் தங்கையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கீரை வாசனையோடு, வயிற்றில் இருந்ததையும் சேர்த்து.

கிளம்பும்போது சின்னவள், "ஜார் இங்கேயே இருக்கட்டும். மோட்டார் இருக்கற இடத்துலதான இருக்கணும்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற பிறவி இல்லையே என்று பெரியவளுக்குச் சந்தேகம். ஆனால் கோட்டை ஊறவைக்கும் வேலையில் அதை மறந்துபோனாள்.

மறுநாள் காலை குளியலறைக் குழாயில் வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது. பெரியவள் மனம் குளிர்ந்து, கழுவிக் கவிழ்த்திருந்த ஜாரை எடுத்து மோட்டாரில் வைத்தாள். மூடியைத் தேடினாள். தொட்டியில் இல்லை, அலமாரியில் இல்லை, மேசைக்கு அடியிலும் இல்லை. நிமிர்ந்து, இன்னும் பச்சை போகாத கூரையைப் பார்த்தாள். மேலே குதிகாலால் யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

அன்று அவளுக்கு அரைப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூடி கேட்கப் படியேறினாள்.