திரைக்கு முன்னால் ஓர் இருக்கை

தணிகாசலத்துக்கு விமானக் கம்பெனியிலிருந்து தங்க அட்டை வந்திருக்கிறது என்று கேட்டதும் பரிமளா ஏதோ நகை என்று நினைத்துக் கையை நீட்டினாள். பிளாஸ்டிக். அவர் பெயர் இங்கிலீஷில் புடைத்து நின்றது.

"இத வெச்சிகினு இன்னா பண்றது?" என்றாள்.

"இருபது கிலோ சாஸ்தி எடுத்துகினு போலாம். லைன்ல நிக்க வேணாம். ஏர்போர்ட்டுல தனி ரூம்பு, சோபா, காபி, டிபன், எல்லாம் சும்மா. சார் சார்னு பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க."

அது தொண்ணூற்றொன்பதில். ஆரணி கொசப்பாளையத்தில் பட்டுச் சேலை வாங்கிச் சிங்கப்பூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது தணிகாசலத்தின் தொழில். சேலை கொண்டு போகிறவருக்கு இருபது கிலோ சின்ன விஷயமில்லை. கூடுதல் எடைக்குப் பணம் கட்டினால் லாபத்தில் பாதி விமான நிலையத்திலேயே கரைந்துவிடும். அதனால் அந்த அட்டை அவருக்கு நிஜமாகவே உதவியது.

ஆனால் அட்டை ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷமும் வேண்டுமென்றால் அதே அளவுக்குப் பறந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் சரக்கு சேர்ந்தால் போவார். பிறகு அட்டைக்காகவும் போகத் தொடங்கினார். பெட்டி பாதிகூட நிறையாத மாதங்களிலும், "மார்ச்சுக்குள்ள இன்னும் ரெண்டு வாட்டி போயாவணும்" என்று கிளம்பிவிடுவார். சேலைகளை மல் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே பரிமளா இதைக் கவனித்தாள். 

அவர்களுக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகிக் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை. அவர் போய்விட்டால் அந்த நீள வீட்டில் அவள் ஒருத்திதான். தனக்கு மட்டும் என்று குழம்பு வைக்க மனம் வராது. அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே ரசம் சாதத்தைச் சாப்பிட்டு முடிப்பாள். சாயங்காலம் இரண்டு வீடு தள்ளி இருக்கும் சாவித்திரி வீட்டில் போய் சீரியல் பார்ப்பாள். சீரியல் முடிந்து விளம்பரமும் முடிந்து, சாவித்திரி எழுந்து விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் கிளம்புவாள்.

சிங்கப்பூரிலிருந்து அவர் போன் செய்வார். "வந்து சேந்துட்டேன். காசு ஓடுது, வெச்சிடறேன்." அவ்வளவுதான்.

ஒருமுறை விமானத்தில் பின்னால் இடமில்லை என்று அவரை முன்பகுதியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கண்ணாடித் தம்ளர், மடியில் விரிக்க வெள்ளைத் துணி, படுக்கையாக நீளும் சீட்டு. "எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. பேசிகினே வருவாங்க" என்பார். திரும்பத் திரும்பக் கேட்டதில், அவர் எப்போதும் அங்கேதான் உட்கார்ந்து போகிறார் என்று பரிமளா நினைத்துக்கொண்டாள். காலியான வீட்டில் உட்கார்ந்து, அந்தக் கூட்டத்தின் நடுவில் அவர் சிரித்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்ப்பாள். சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும்.

இரண்டாயிரத்தாறு முடியப் போகும் சமயம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இந்த வாட்டி நீயும் வா" என்றார்.

"நானா? நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

"பறந்ததுக்கு அவன் குடுக்கற பாயிண்டு நெறைய சேந்துகீது. ரெண்டு பேருக்கும் பின்னாடி டிக்கெட் போட்டுட்டு, பாயிண்ட குடுத்து முன்னாடி மாத்திக்கலாம். உன்ன முன்னாடி உக்கார வெச்சிக் கூட்டினு போறேன்."

"காசு குடுத்தா எவ்ளோ ஆவும்?"

"பின்னாடி மாதிரி மூணு பங்கு."

"முன்னாடி உக்காந்தா முன்னாடியே போயிச் சேந்துடுவமா?"

அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்காகவே அவள் சரி என்றாள். பாஸ்போர்ட் வந்தது. சாவித்திரி தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து கொடுத்து, "ப்ளேனுல குளிருமாம்" என்றாள்.

விமானம் காலையில். இருட்டோடு கார் பிடித்துச் செய்யாறு வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அட்டையைக் காட்டியதும் தனி வரிசையில் விட்டார்கள். "குட் மார்னிங் மிஸ்டர் தணிகாசலம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவர் முதுகு நிமிர்ந்ததைப் பரிமளா பார்த்தாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரை வெகுநேரம் தட்டினாள். பிறகு தலையைச் சாய்த்து, "சாரி சார், ஒண்ணுதான் கன்ஃபர்ம் ஆகியிருக்கு. இன்னொண்ணு வெயிட்டிங்லயே இருக்கு" என்றாள்.

"நான் கோல்டும்மா."

"தெரியுது சார். பாயிண்ட்ஸுக்குக் குடுக்கற சீட்டு அவ்ளோதான் சார்."

பரிமளா அவர் கையைத் தொட்டாள். "வேணாங்க. ரெண்டு பேரும் பின்னாடியே போலாம்."

"எத்தினி வருஷம் சேத்தது தெரியுமா? நீ முன்னாடி போ. நான் பழகினவன்."

குரலில் கோபம் இருந்தது. அது தன் மேல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முன் இருக்கைக்கான சீட்டை வாங்கிக்கொண்டாள்.

விமானத்துக்குள் நுழைந்ததும் அவளுக்கு இடதுபக்கம் காட்டினார்கள், அவருக்கு வலதுபக்கம். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "பெல்ட்ட மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பணிப்பெண் வந்து நீலத் திரையை இழுத்து மூடினாள்.

சீட்டு அகலமாக இருந்தது. பரிமளா அதன் ஓரத்தில், யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக்கு யாரும் வரவில்லை. கதவைச் சாத்தினார்கள். அப்போதும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலும் இரண்டு இருக்கைகள் காலி.

பழரசம் கொண்டுவந்த பணிப்பெண் தமிழ் பேசினாள். பரிமளா மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, இது காலியாதான கீது? எங்க வீட்டுக்காரரு பின்னாடி உக்காந்துகினுகீறாரு. அவர இங்க வரச் சொல்லும்மா."

"வர முடியாதுங்கம்மா. அவங்க டிக்கெட் பின்னாடிதான்."

"யாரும் வரலையே?"

"காலியாப் போனாலும் குடுக்க மாட்டாங்கம்மா. ரூல் அப்படி."

விமானம் ஏறியது. பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்போல் இருந்தது. சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேலே போன பிறகு சுற்றிலும் பார்த்தாள். அவர் சொன்ன பெரிய ஆட்களைத் தேடினாள். எதிர்ப்பக்கத்து மனிதர் கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரி காதில் எதையோ மாட்டியிருந்தாள். இன்னொருவர் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. பணிப்பெண்கள் கேட்டால் தலையசைப்பு, அவ்வளவுதான். ஏசி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மடியில் வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்கள், பளபளவென்று கரண்டிகள். தனியாகச் சாப்பிடுவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இத்தனை பேர் நடுவில் தனியாகச் சாப்பிட்டதில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வருஷக்கணக்காக வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. பணிப்பெண் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"நான் பின்னாடி போலாமா?"

அவள் யோசித்தாள். "நீங்க போலாம்மா. அவங்கதான் இங்க வரக் கூடாது."

பரிமளா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து திரையை விலக்கினாள்.

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. சாப்பாட்டு வண்டி இன்னும் வந்து சேரவில்லை. சீட்டுகளைப் பிடித்தபடி நடந்து, முக்கால்வாசி தூரம் தாண்டித்தான் அவரைக் கண்டாள். மூன்று இருக்கைகளில் நடு இருக்கை. இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே ஒடுக்கி, கழுத்து ஒரு பக்கம் மடங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். பழகினவர் தூங்கும் தூக்கம் அது. நரைத்த மீசைக்குக் கீழே வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயதிருக்கும், கருத்த மனிதர். "யாருங்க்கா வேணும்?" என்றார்.

"என் வீட்டுக்காரரு."

அவர் உடனே பெல்ட்டைக் கழற்றினார். பெயர் காத்தவராயன், போளூர்ப் பக்கம், கப்பல் பட்டறையில் வேலை, லீவு முடிந்து திரும்புகிறார் என்பதெல்லாம் எழுந்து நிற்பதற்குள் தெரிந்துவிட்டது. "நீங்க உக்காருங்க்கா. நான் உங்க எடத்துக்குப் போயிக்கிறேன். எங்க கீது?"

"முன்னாடி, திரைக்கு அந்தாண்ட. பெரிய சீட்டுங்க. காலியாதான் கீது, நீங்க போய் நல்லா உக்காருங்க."

பின்னாலேயே வந்த பணிப்பெண் குறுக்கிட்டாள். "அவங்க போக முடியாதும்மா. அந்த சீட்டு உங்க பேர்ல மட்டும்தான்."

காத்தவராயன் சிரித்தார். "எனக்கு அந்தப் பக்கம்லாம் பேஜாருங்க்கா. கடைசியில ஒரு எடம் காலியா கீது, அங்க போயிக்கிறேன்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேச்சுச் சத்தத்தில் தணிகாசலம் விழித்தார். பக்கத்தில் அவளைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"இன்னாச்சு? மயக்கம் கியக்கம் வந்துதா?"

"ஒண்ணுமில்ல. வந்துட்டேன்."

"வந்துட்டியா? அந்த சீட்டு?"

"கீது. காலியா."

அவர் முகம் சிவந்தது. "எவ்ளோ வெல தெரியுமா அது? எத்தினி வாட்டி இங்க குந்திகினு வந்து அதச் சேத்தேன் தெரியுமா? எழுந்து போ. ஜல்தி."

"போவ மாட்டேன்" என்றாள் பரிமளா. அவரிடம் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. பிறகுதான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது. "இங்கயா? நீங்க முன்னாடிதான உக்காருவீங்க?"

"ஒரே வாட்டி. அதுவும் அவனுங்களா குடுத்தது. மூணு பங்கு குடுத்து நம்மால முடியுமா?"

அவள் திரை இருந்த பக்கம் பார்த்தாள். "எனக்குப் பக்கத்துல காலியாதான் கீது. உங்களுக்குக் குடுக்க மாட்டேன்ட்டாங்க."

"குடுக்க மாட்டான். சும்மா குடுத்தா நாளைக்கு எவன் மூணு பங்கு குடுப்பான்? விக்காத சேலைய நம்ம சும்மாவா தரோம்?"

"சேல நாளைக்கும் கடையில இருக்கும். இது எறங்கினா போச்சே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது. அவர்களுக்கும் சாப்பாடு வந்தது. பிளாஸ்டிக் தட்டில் சாதமும் பருப்பும். முழங்கை முழங்கையில் இடிக்க இருவரும் சாப்பிட்டார்கள். பரிமளா முழுவதையும் சாப்பிட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் முன் சீட்டின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்: "இந்த வாட்டி சரக்கே இல்ல, பரிமளா. பாத்தியா?"

பெட்டி லேசாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். தன் சாமான்களுக்காக இடம் விட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"கடக்காரன் பையனே ஆரணிக்கு வந்து நேரா வாங்கிகினு போறான். நடுவுல நான் எதுக்கு? ஆறு மாசமா ஒண்ணும் ஓடல. மார்ச்சோட கார்டும் போயிடும். போறதுக்குள்ள உன்ன ஒரு வாட்டி அங்க உக்கார வெச்சிடலாம்னு பாத்தேன்."

பரிமளா அவர் கையை எடுத்துத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். யாராவது பார்ப்பார்களே என்று அவர் ஒருமுறை இழுத்தார். பிறகு விட்டுவிட்டார்.

சிங்கப்பூரில் மூன்று நாள் இருந்தார்கள். அவருக்குத் தெரிந்த இடமெல்லாம் சேலைக் கடைகளும், மலிவான ஒரு விடுதியும், இட்லி கிடைக்கும் ஒரு தெருவும்தான். அவரை யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை. இத்தனை வருஷமாக மாலை நேரங்களில் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டபோது, விடுதிக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சைக் காட்டினார்.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து விமானக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இன்னும் இரண்டு பயணம் போனால் அட்டை தொடரும் என்றாள் ஒரு பெண். அவர் ரிசீவரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பரிமளா சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "வேணாம்மா" என்று வைத்தார்.

வீட்டோடு இருப்பது அவருக்குத் தெரியவில்லை. காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்காருவார். அவளுக்கும் அவரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் இருக்கிறாரே என்று சாவித்திரி வீட்டுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆள் இருந்தும் வீடு அப்படியேதான் இருந்தது.

சித்திரை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல், "சாவித்திரி வூட்டுக்குப் போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சீரியலில் பாதி போயிருக்கும். சாவித்திரி வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "பரிமளா, உங்க வூட்டுக்காரரு" என்றாள்.

தணிகாசலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பரிமளா வெளியே வந்தாள்.

"இன்னாங்க? எதுனா வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்" என்றார். "வூட்ல யாரும் இல்ல. அதான் வந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே எட்டி, "சாவித்திரி, நான் போயிட்டு நாளைக்கு வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். வீட்டுப் பக்கம் திரும்பியவரை, "இப்பவே வூட்டுக்குப் போயி இன்னா பண்றது? ஆத்துப் பக்கம் போயிட்டு வரலாம்" என்றாள். அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.