கேட்டுக்கு வராதவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை கிருபாபாய். 1987 கோடை விடுமுறையில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்று அவளை அழைத்தது. பஞ்சுத் தூசியால் ஆட்களுக்கு நெஞ்சு கெடுகிறது என்று தொழிற்சங்கம் புகார் செய்திருந்தது. அது உண்மையா என்று கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும்.

மேனேஜர் பொன்னுராஜ் நேர்மையான மனிதர். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க மேடம்," என்றார்.

ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களை மில் கேட்டில் நிறுத்தி, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, பீடி குடிப்பீர்களா என்று கேட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க, மில் வேலைக்கே போகாத அதே வயதுக்காரர்களைக் கடைவீதியில் விசாரித்தாள். கூட்டிப் பார்த்ததும் திகைத்தாள். கடைவீதிக்காரர்களைவிட மில்காரர்களுக்கு இருமல் குறைவு.

பொன்னுராஜுக்கு நிம்மதி. "அப்ப தூசியால ஒண்ணுமில்லன்னு எழுதிரலாமா?"

"செத்த பொறுங்க சார்," என்றாள். பஞ்சுத் தூசி என்ன மருந்தா, நெஞ்சைக் குணமாக்க?

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து பதில்களை மறுபடி புரட்டினாள். பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமில்தான் தூசி அதிகம். அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேரும் இளவட்டங்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள். அப்படியானால் பழைய ஆட்கள் எங்கே?

மறுநாள் சங்கத் தலைவர் சங்கையாவிடம் அதையே கேட்டாள். அவர் அவளை ஆவுடையப்பன் என்ற பழைய மில் தொழிலாளியின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கிழவர் என்று நினைத்தாள். வயது நாற்பதுதான்.

"புளோ ரூம்லதான் இருந்தாவ," என்றாள் அவர் மனைவி பெத்தம்மாள். "நடக்க ஏலாமப் போச்சு. வேலைய விட்டு நின்னுட்டாவ."

கிருபாபாய்க்கு முகம் சுண்டியது. இருமலோடு இருந்தவர்கள் வேலையை விட்டு வீட்டில் கிடக்கிறார்கள். நெஞ்சு தாங்கியவர்கள் மட்டுமே கேட்டைத் தாண்டி வருகிறார்கள். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு மில்லைப் பற்றி முடிவு சொல்ல இருந்தாள்.

"இது மாதிரி நெறையா வீடு இருக்கு டீச்சர்," என்றார் சங்கையா. "நான் காட்டுதேன். அம்புட்டுப் பேரும் இருமிக்கிட்டுதான் கெடக்காவ."

"வேண்டாம் அண்ணாச்சி. கேட்டுல நின்னா சுகமா இருக்கவங்க மட்டும் கிடைப்பாங்க. நீங்க காட்டுற வீட்டுல சீக்காளிங்க மட்டும் கிடைப்பாங்க. ரெண்டும் ஒருபக்கக் கணக்குதான்."

அவர் முகம் வாடியது. ஆனாலும் மறுக்கவில்லை.

ஊரின் தெருப் பெயர்களையெல்லாம் சீட்டில் எழுதி ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினாள். ஒரு சீட்டு பொன்னுராஜ் எடுத்தால் அடுத்தது சங்கையா. விழுந்த தெருக்களில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். மில்லில் இருக்கிறவர், விட்டவர், அந்தப் பக்கமே போகாதவர் என்று எல்லோரிடமும் ஒரே கேள்விகள். சில வீடுகளில், இருமி இருமி இறந்துபோனவர்களைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். உட்கார்ந்து கேட்டாள்.

கணக்கு முடிந்தது. மில்லுக்குப் போகாதவர்களில் பத்துக்கு ஒருவருக்கு நெஞ்சுக் கோளாறு. புளோ ரூமில் எப்போதாவது வேலை பார்த்தவர்களில் பத்துக்கு நான்கு பேர்.

"எல்லாம் பீடியா இருக்கும் மேடம்," என்றார் பொன்னுராஜ். குரலில் வலுவில்லை.

"பீடி குடிக்காதவங்களத் தனியாப் பிரிச்சும் பாத்துட்டேன் சார். அவங்கள்லயும் இதே வித்தியாசம்தான்."

அவர் கணக்குத் தாளை வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு, "நீங்க சொன்ன அந்த ஆவுடையப்பனை நான் பார்க்கணும்," என்றார்.

சங்கையாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனார்கள். ஆவுடையப்பன் எழுந்து நிற்க முயன்றார். பொன்னுராஜ் தடுத்து, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். புளோ ரூமில் தூசி உறிஞ்சும் மிஷின் போடச் சொல்லி முதலாளியிடம் பேசுவதாகவும், இருமல் தொடங்கியவுடனே ஆளை வேறு பகுதிக்கு மாற்றிவிடப்போவதாகவும் சொன்னார்.

ஆவுடையப்பன் கிருபாபாயைப் பார்த்தார். "எனக்குச் சரியாகிருமா டீச்சர்?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொதுவாத்தான் சொல்லும். உங்க ஒருத்தரைப் பத்தி அதுக்குத் தெரியாது. மதுரைக்குப் போய் டாக்டர்ட்ட காட்டுவோம்."

மதுரை மருந்தில் மூச்சிரைப்பு சற்றுக் குறைந்தது. வேலைக்குத் திரும்ப முடியவில்லை. பெத்தம்மாளுக்கு மில்லில் தூசி இல்லாத பகுதியில் வேலை கொடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு முன்பே மிஷின் ஓடத் தொடங்கியது.