நீச்சல் குளத்தில் அப்பா

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் பொற்கொடி துண்டால் துடைத்தாள். உள்ளே அப்பாவின் முகம் தெளிந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற துரைராஜ் நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார்.

தலைமாட்டில் தம்பி மகள் சத்யா, துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தாத்தாவும் எங்ககூட ஸ்கூபா டைவிங் கத்துக்கினாரு. நீச்சல் குளத்துல முங்கி, தண்ணிக்குள்ளயே மூச்சு வுட்டாரு."

"மைன்ஸ்ல எறங்குன மனுசன் தண்ணிக்குள்ளயும் எறங்கிட்டாரா!" என்றாள் எதிர் குவார்ட்டர்ஸ்காரி. கூடத்தில் சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது.

பொற்கொடி துண்டை முறுக்கிப் பிழிந்தாள். அம்மா போனதிலிருந்து அப்பா அவளிடம்தான் இருந்தார். வெந்நீர் போட்டது, கூழ் கிளறியது, முதுகு தேய்த்தது எல்லாம் அவள். அதை யாரும் சொல்லவில்லை.

போன கோடையில் தம்பி சிவசங்கர் குடும்பத்தோடு டைவிங் கற்கப் பாண்டிச்சேரி கிளம்பியபோது, அவள் மகள் இசைப்பிரியாவையும் கூப்பிட்டான். "புள்ளைய அனுப்பும்மா" என்று அப்பாவும் கேட்டார். தண்ணீர் என்றால் தனக்குப் பயம் என்று பொற்கொடி மறுத்துவிட்டாள். தம்பி தயவில் தன் மகள் எதையும் கற்க வேண்டாம் என்பதை வெளியே சொல்லவில்லை. இசைப்பிரியா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவோ பையைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு போனார். கறுத்துப்போய்த் திரும்பி வந்தவர், வாரக்கணக்கில் அதையே பேசினார். அவ்வளவு சிரிப்பை அவள் வீட்டில் அவர் சிரித்ததில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்த சிவசங்கரிடம் அது வெடித்தது.

"உன்கூட நாலு நாளு இருந்தாரு. என்கூட இத்தினி வருசம். ஊரே உன் கதையத்தான் பேசிக்கினு கெடக்குது."

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"அக்கா, அவரு எதுக்கு வந்தாருன்னு நெனச்ச? நீ பயப்படறன்னு சொன்ன இல்ல, அதுக்குத்தான். 'நான் மொதல்ல கத்துக்கினா, அடுத்த வருசம் இசைகூட நானே எறங்குவேன். அப்ப பொற்கொடி வுடுவா'ன்னாரு. மூக்குல தண்ணி ஏறி ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தாரு. அப்பவும் வுடல."

வெளியே பறை தொடங்கியது. அவன் போய்விட்டான்.

மத்தியானம் ஆண்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். பொற்கொடி வாளியோடு பின்கட்டுக்கு வந்தாள். முருங்கை மரத்தடியில் சத்யா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆழத்துல போனா காது அடைக்கும். மூக்கப் புடிச்சிகினு மெதுவா ஊது. இன்னும் மெதுவா."

மூக்கைப் பிடித்திருந்த இசைப்பிரியா, அம்மாவைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

பொற்கொடி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஏற்கெனவே கழுவியிருந்த கூடத்தில் மறுபடியும் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.