ஐந்தாவது காரணம்

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அண்ணை பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போட்டிருந்தார். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு செலீனை எரிப்பதற்குக் கணவன் ஞானேந்திரனின் சம்மதம். ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஆங்கிலம். கூடப்பிறந்த அரியரத்தினம் அண்ணை ஆற்றுக்கு அப்பாலிருக்கும் புரோசார்ட்டிலிருந்து இந்தப் பனிக்குள் கார் ஓடி வந்திருந்தார். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகிக் குசினித் தரையில் ஓடியது.

"இருந்து வாசி," என்றார்.

ஞானேந்திரன் நின்றபடியே வாசித்தான். மூன்று கிழமையாக அவனால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. சாப்பிடுவதும் நின்றபடிதான். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உள்ளே துப்புரவாக்கும் வேலை அவனுக்கு. அங்கே ஒருவரும் அவனை இரு என்று சொல்வதில்லை. ஆசனங்களுக்கு இடையில் நடந்துகொண்டேயிருக்கலாம்.

தையல் தொழிற்சாலையில் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்த செலீன் பிறகு நிமிரவில்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாம். இருபத்தேழு வயது. அவளுடைய தமையன் பத்திநாதர், திருகோணமலைக் கத்தோலிக்கர், கோயிலில் பூசை வைப்பித்தார். பூசை முடிந்த பிறகுதான் தெரிந்தது, கோயிலின் சேமக்காலையில் குளிர்காலத்தில் குழி வெட்டுவதில்லை என்று. நிலம் கல்லாகிவிடும். சவப்பெட்டிகளைச் சேமக்காலை ஓரத்தில் ஒரு கல்வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மே மாதம் மண் இளகியதும் ஒவ்வொன்றாகப் புதைப்பார்கள். செலீனின் பெட்டியும் இப்போது அங்கேதான். இந்த ஊர்க்காரருக்கு அது பழகிப்போன விஷயம். செத்தவர் பொறுத்திருப்பார், அவ்வளவுதான்.

"இந்த நாட்டிலை செத்தாலும் வெயிற்றிங் லிஸ்ற்," என்றார் அண்ணை. சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினார். "கொழும்பிலை நிண்டு அம்மா நேற்றும் ஃபோன் எடுத்து அழுகிறா, தம்பி. வாற வெள்ளி முப்பத்தொராம் நாள். அந்தியேட்டி செய்யச் சாம்பல் வேணும். பிள்ளையை அலுமாரிக்குள்ளை வைச்ச மாதிரி வைச்சிருக்கிறியள். அவள் எங்கடை வீட்டுப் பிள்ளையெல்லோ?"

கலியாணம் முடிந்த மூன்று வருடத்தில் அம்மா செலீனுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அதை இப்போது சொல்லியிருக்கலாம். அவன் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினான்.

காலையில் பத்திநாதரும் ஃபோன் எடுத்திருந்தார். அண்ணையின் யோசனை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. "மச்சான், நீ ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இரு. அதைத்தான் கேக்கிறன். எங்கடை அகதிக் கேஸ் ரெண்டு வருசமாக் கிடக்கு. அவளாலை மே மாசம் வரைக்கும் கிடக்கேலாதோ?"

அவளுக்கு எது விருப்பம்? இருபத்தேழு வயதில் யார் அதைச் சொல்லிவைக்கிறார்கள். அவன் நினைவில் தேடியவரை ஒரேயொரு பேச்சுத்தான் இருந்தது. அதுவும் உரோமரைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் ஏ.எல். மாணவருக்கு கிரேக்க, உரோம நாகரிகம் படிப்பித்தவன் அவன். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் செலீனின் பொருளியல் வகுப்பு. அவன் குறிப்புச் சொன்னால் அவளுடைய பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். உரோம ஆட்சியில் கிறிஸ்தவம் பரவியமைக்கான காரணங்கள். ஒன்று, படைகளுக்காகப் போட்ட நல்ல தெருக்கள். இரண்டு, எங்கும் விளங்கிய கிரேக்க மொழி. மூன்று, அடிமைக்கும் பெண்ணுக்கும் கிடைத்த இடம். நான்கு, சாவுக்கு அஞ்சாத வேதசாட்சிகள். ஐந்து, பிரேத அடக்கம். ஐந்தாவதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த நாளில் உரோமர் எரித்தார்கள், நாதியற்றவர்களை நகருக்கு வெளியே கிடங்குகளில் போட்டார்கள், கிறிஸ்தவர்களோ கொள்ளைநோயில் செத்த முன்பின் தெரியாதவனையும் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று விளக்கினான். நிலத்துக்குக் கீழே சுரங்கச் சுவர்களில் பிரேதங்களை வைத்த தட்டுகளைக் கரும்பலகையில் வரைந்தான். "சேர், மெயில் றெயினிலை படுக்கிற பேர்த்!" என்றான் கடைசி வாங்கில் இருந்த ஒருவன்.

அன்றுதான் செலீன் முதல்முதலாக அவனோடு கதைத்தாள், சைக்கிளைப் பிடித்தபடி.

"அஞ்சாவதையெல்லோ நீங்கள் முதலாவதாப் போட்டிருக்கோணும். ஒருத்தரையும் தெருவிலை விடமாட்டினம் எண்டால், ஆர்தான் சேராமல் விடுவினம்?"

"ஒழுங்குக்குச் சோதினையிலை புள்ளியில்லை."

"நான் சோதினைக்கோ கேட்டனான்?"

சுடுபட்டுத் தெருவில் செத்துக் கிடந்தவர்களைத் தூக்கப் பயந்து சனம் சுற்றிப்போன காலம் அது. அவள் சொன்னது அவளுடைய விருப்பமா, வெறும் அபிப்பிராயமா? எரிப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் விடுவதைப் பற்றித்தான் சொன்னாள். பூட்டிய கல்வீட்டுக்குள் வைத்திருப்பது எதில் சேர்த்தி? மூன்று கிழமையாக இதே கேள்வி அவனைப் பேருந்திலும் மெத்றோவிலும் நிற்கவைத்துக்கொண்டு திரிந்தது.

"பேனையைத் தாங்கோ," என்றான்.

கையெழுத்தைப் போட்டான். ஏதோ ஒன்றைச் செய்தாகிவிட்டது. நெஞ்சு ஒரு நிமிடம் ஆறியது. ஒரு நிமிடம்தான். அண்ணை தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒருக்கா சேமக்காலைக்குப் போயிட்டு வருவம், அண்ணை. சொல்லிப்போட்டு வருவம்."

"ஆருக்குச் சொல்ல?"

அவன் அதற்குள் சப்பாத்துக்குள் காலை விட்டிருந்தான்.

சேமக்காலை வாசலில் அண்ணை காரை நிறுத்தாமல் ஓடவிட்டபடி உள்ளேயே இருந்தார். "பத்து நிமிசம். விறைச்சுச் சாகாதை."

கல்வீட்டின் கதவு திறந்திருந்ததை அவன் அன்றைக்குத்தான் கண்டான். எத்தனையோ தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பார்ப்பதற்கென்று திறக்க மாட்டார்கள். இன்று வாசலில் ஒரு கறுப்பு வான் நின்றது. அமரர் சேவைக்காரர் இருவர், சேமக்காலைக் காவலாளி, ஒரு பெட்டி. அழுவதற்கு ஒருவருமில்லை. காவலாளி அவனைக் கண்டதும் கையை ஆட்டினார்.

"மெஸ்யூ! ஒரு கை தாருங்கள். மூன்று பேரால் முடியாது. படி வழுக்குகிறது." பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு.

அவன் போய் பின்பக்கக் கைபிடியைப் பிடித்தான். பாரம் தோளுக்கு ஏறியது. "யார்?"

"முதியோர் இல்லத்து மனிதர். சொந்தம் இல்லை."

உள்ளே வெளியைவிடக் குளிர். இரு சுவரிலும் மும்மூன்று மரத் தட்டுகள், தட்டெல்லாம் பெட்டிகள். கரும்பலகையில் இந்தத் தட்டுகளை அவன் அளவு பிழையாக வரைந்திருந்தான். அது இவ்வளவு உயரம் என்று தெரிந்திருக்கவில்லை. கண் தானாகத் தேடி இடப்பக்கம் இரண்டாம் தட்டில் நின்றது. செலீன். பெட்டியில் ஒட்டிய அட்டையில் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அது இந்த ஊரிலும் உள்ள பெயர். புருசனின் பெயரைத்தான் மூன்று தடவை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள்.

அவளுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. கிழவரின் பெட்டியை அங்கே தள்ளினார்கள். மரத்தில் மரம் உரசியது. மற்ற மூவரும் தொப்பியைக் கழற்றினார்கள். அவனும் கழற்றினான்.

காவலாளி ஒரு தடித்த கொப்பியை விரித்தார். "உடன் வந்தவர் இங்கே கையெழுத்து வைக்க வேண்டும்."

"எனக்கு இவரைத் தெரியாது."

"தூக்கினீர்கள்தானே?"

கை விறைத்திருந்தது. எழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோயிற்று. வீட்டில் போட்ட கையெழுத்து இதைவிட வடிவாக இருந்தது.

"மே மாதம் இவரைத் தூக்க யார் வருவார்கள்?" என்று கேட்டான்.

காவலாளி தோளைக் குலுக்கினார். "நான் இருக்கிறேன். குழி வெட்டுகிற பையன் இருக்கிறான். நீங்கள் எப்படியும் வருவீர்கள், இல்லையா? உங்கள் மனைவிக்கு."

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை, நீளமாக.

"உங்களையா கூப்பிடுகிறார்கள்?" என்றார் காவலாளி.

"ஓம். என்ரை அண்ணை. அவரிட்டை நான் கையெழுத்து வைச்ச பேப்பர் இருக்கு." தமிழில் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ."

காவலாளிக்கு விளங்கியிராது. ஆனாலும் கதவைச் சாத்தப்போன கையை எடுத்துவிட்டார். ஒருவரும் அசையவில்லை. வாசலால் விழுந்த பனிவெளிச்சத்தில் நால்வரின் மூச்சும் வெள்ளையாக எழும்பியது. பெட்டிகளுக்கு மேலே எது எவருடையதென்று தெரியாமல் கலந்து, கலையாமல் நின்றது.